டணாய்க்கன்கோட்டை: பவானிசாகர் நீருக்கடியில் இருக்கும் கோட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை சரியாக எங்கே இருந்தது?

மாயாறு பவானியோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். சத்தியமங்கலத்துக்கு மேற்கே சுமார் 16 கி.மீ.யில் பவானிசாகர் அணை இருக்கிறது. அணைக்கு மேலே இன்று நீர்ப்பரப்பாகத் தெரியும் பகுதியில்தான் கோட்டையும் அதை ஒட்டிய ஊரும் இருந்தன. வடக்கே தலமலைத் தொடர், மேற்கே நீலகிரியின் கிழக்குச் சரிவு, கிழக்கே சத்தி வரை ஆற்றோரச் சமவெளி.

1979 வரை இது கோயம்புத்தூர் மாவட்டம்; அதற்குப் பிறகுதான் இன்றைய ஈரோடு (1996 வரை பெரியார் மாவட்டம்). பழைய காகிதம் தேடுகிறவர்கள் இதை மறந்தால் தவறான அலுவலகத்தில் நாள் போகும். டணாய்க்கன்கோட்டை, தணாய்க்கன்கோட்டை, தண்ணாயக்கன்கோட்டை என்று எப்படி எழுதியிருந்தாலும் ஊர் ஒன்றுதான்.

திப்பு சுல்தான் கட்டியதா?

இல்லை. திப்புவுக்கு ஏறக்குறைய 450 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே போசளர்களின் (ஹொய்சாளர்களின்) தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், இருந்தார்கள். போசள மன்னன் மூன்றாம் நரசிம்மனிடம் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்தவர் பெருமாள் தண்டநாயகர். அவருடைய மகன் மாதவ தண்டநாயகர், மூன்றாம் வல்லாளன் காலத்தில் (1291–1343) குண்டுலுப்பேட்டைப் பக்கம் தெரக்கணாம்பியை இருப்பிடமாகக் கொண்டு, மலைக்கு இந்தப் புறத்தையும் ஆண்டார். ‘நீலகிரி சாதாரன்’ என்பது அவருடைய பட்டம். கோட்டைக்குள் இருந்த மாதவராயப் பெருமாள் கோயில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது. அவருடைய மகன்கள் கேத்தய தண்டநாயகரும் சிங்கய தண்டநாயகரும் 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கொங்குக் கல்வெட்டுகளில் வருகிறார்கள்.

கோயிலை ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுநூறு என்பதே போதுமான வயது. மூன்று நூறைச் சும்மா சேர்ப்பதால் கோயிலுக்கு ஒரு பெருமையும் கூடுவதில்லை.

போசளர் இந்த மலைப்பக்கம் கண் வைத்தது அதற்கும் முன்பே. விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாகச் சாம்ராஜ்நகரில் உள்ள 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நீலகிரியின் பெயரும் தோடர்களின் பெயரும் வரும் மிகப் பழைய கல்வெட்டு அதுதான்.

பிறகு யார் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

பாளையக்காரர் கோட்டை என்றால் ஒரு குடும்பம், ஒரு பட்டம், தலைமுறை தலைமுறையாக ஒரே கை. ஊத்துக்குளிக் காலிங்கராயர், பழையகோட்டைப் பட்டக்காரர் போன்ற குடும்பங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வந்து தேடினால் கிடைக்காது. டணாய்க்கன்கோட்டை அரசின் படையிருப்பு. மேலே யார் ஆட்சியோ அவர்களின் ஆள் இங்கே இருப்பார். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார்.

வரிசை இப்படி வரும். போசளர் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒடுங்கியதும் விசயநகரம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொங்கின் பெரும்பகுதி உம்மத்தூர்த் தலைவர்களின் செல்வாக்கில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் 1510களின் தொடக்கத்தில் அவர்களை அடக்கினார். அடுத்து மதுரை நாயக்கர்களின் அதிகாரம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைசூரின் கண்டீரவ நரசராச உடையார் (1638–1659) இந்தப் பக்கத்தைக் கைப்பற்றினார். அப்போது தொடங்கிய மைசூர் ஆதிக்கம் ஹைதர், திப்பு வழியாக 1799 வரை நீண்டது. அந்த ஆண்டு திப்பு விழுந்ததும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி.

இவ்வளவு பேர் அடித்துக்கொள்ள அங்கே என்னதான் இருந்தது?

கஜலட்டிக் கணவாய். கோட்டையின் கதையெல்லாம் இந்த ஒரு பெயரில் அடங்கும். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கோவைச் சமவெளிக்குப் படை இறங்க வேண்டுமென்றால் மாயாற்றுப் பள்ளத்தின் வழியாக வரும் இந்தப் பாதைதான் முக்கியமானது. இறங்கியதும் கணவாயின் வாயில் நிற்பது டணாய்க்கன்கோட்டை. அங்கிருந்து பவானிக் கரையோடு போனால் சத்தி, பிறகு கோபி, ஈரோடு; ஆற்றைக் கடந்து தெற்கே போனால் கோவை.

கீழே இருப்பவனுக்கு இது கதவுத் தாழ்ப்பாள். மேலே இருப்பவனுக்கோ தன் படை இறங்கி மூச்சுவிட, காளைகளுக்குத் தீவனம் போட, தானியம் சேர்த்து வைக்க ஓர் இடம். மலைப்பாதையில் பீரங்கி இழுத்துவந்த காளைகள் உடனே அடுத்த நடைக்கு ஆகாது. அடிவாரத்தில் தண்ணீரும் மேய்ச்சலும் உள்ள காவலான இடம் வேண்டும். இரண்டு ஆறுகள் கூடும் இடம் அதற்குப் பொருத்தம். ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களில் இரண்டு பக்கம் அகழியே தேவையில்லை.

இன்று சத்தியிலிருந்து மைசூருக்குப் போகிறவர்கள் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பம் வழியாகப் போகிறார்கள். அது வேறு பாதை. கஜலட்டி வழி தெங்குமரஹாடா பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டது. பயணவழி நகர்ந்தபோதே கோட்டையின் ஆயுசும் முடிந்தது.

இங்கே போர் நடந்ததா?

முதலாம் மைசூர்ப் போரில், 1768இல், கும்பினியின் கர்னல் உட் கொங்குக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆனால் பிடித்த ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆளை விட்டுவிட்டுப் போனதால் எங்குமே போதுமான காவல் இல்லை. மைசூர்ப் படை கணவாய் வழியாகத் திரும்ப இறங்கியதும், அந்த ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை ஹைதர் கைக்கே போயின.

மூன்றாம் போரில் அதே பாடம். 1790 செப்டம்பரில் திப்பு கஜலட்டி வழியாகப் பெரும் படையோடு இறங்க, சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாய்டோடு 13ஆம் தேதி மோதல் நடந்தது. கும்பினிப் படை கோவைப் பக்கமாகப் பின்வாங்கியது. பள்ளிப் புத்தகத்தில் ‘சத்தியமங்கலம் போர்’ என்று ஒரு வரியில் வருவது இதுதான். அதற்குத் திப்பு வந்து இறங்கிய வாசல் டணாய்க்கன்கோட்டைப் பக்கம்.

நீலகிரிக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

பலருக்குத் தெரியாத பகுதி இது. ஊட்டி, கோத்தகிரி என்று ஊர்கள் தலையெடுப்பதற்கு முன் மலை முழுவதும் டணாய்க்கன்கோட்டைத் தாலுகாவின் கீழ் இருந்தது. மலைக் கிராமங்களின் வரிக்கணக்கு அடிவாரத்தில் எழுதப்பட்டது.

வெள்ளைக்காரர் மலை ஏறத் தொடங்கியதும் இங்கிருந்துதான். 1800இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் இங்கே தங்கி, சரிவில் உள்ள அரக்கோடு வரை போய்ப் பார்த்துத் திரும்பினார். மேட்டு நிலத்தை அவர் பார்க்கவில்லை. 1812இல் நில அளவையாளர் வில்லியம் கீஸ் இங்கிருந்து தேனாடு வழியாக ஏறி மலைமேல் அளவை செய்தார். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலைக்குப் போன பிறகு நிலைமை மாறியது. 1821–23இல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை வெட்டினார்கள்; 1830களில் குன்னூர்ச் சாலை வந்தது. அதன்பின் மேட்டுப்பாளையம்தான் மலைக்கு வாசல். மைசூர்ப் பக்கம் பகையும் இல்லை, மலைப்பக்கம் வழியும் இல்லை என்றானபின் கோட்டைக்கு வேலை இல்லை.

அப்படியானால் அணை கட்டியதால் கோட்டை அழிந்தது என்பது தவறா?

பாதி சரி. தண்ணீர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது காவல் இல்லாத வெறும் கோட்டை. கோயில் மட்டும் பூசையோடு இருந்தது, சுற்றி வயலும் வீடும் இருந்தன. 1948இல் கீழ்பவானித் திட்டம் தொடங்கி 1955இல் அணை முடிந்தது. திட்டத்துக்காக ஓயாமல் போராடியவர் என்று ஈரோட்டின் எம்.ஏ. ஈஸ்வரனை இன்றும் ஆயக்கட்டு விவசாயிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நீருக்குள் போவதற்கு முன் சாமி சிலைகளைப் பவானிசாகருக்குக் கொண்டுவந்து புதுக் கோயில் எழுப்பினார்கள்.

கொடுத்த விலைக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி); மண்கரையோடு சேர்த்து நீளம் ஏறக்குறைய 8.8 கி.மீ.; கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ.; 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். மேட்டுக்காடாகக் கிடந்த பெருந்துறை, காங்கேயம் பக்கத்து நிலமெல்லாம் இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. இழப்பு மேலே இருந்தவர்களுக்கு, பலன் கீழே இருப்பவர்களுக்கு.

கோயில் எப்போது வெளியே தெரியும்?

நீர்மட்டம் 50 அடியை ஒட்டி இறங்கும்போது. 2024 மே மாதத்தில் அப்படி வெளிப்பட்டது. ஊரார் பீரங்கித் திட்டு என்று சொல்லும் மேடும் கோயிலின் கல் மண்டபமும்தான் பார்க்கக் கிடைப்பவை.

அளவு படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் முழு உயரம் 120 அடி என்பார்கள், செய்தியில் 105 அடி என்று வரும். அடியில் சேற்றுக்கு ஒதுக்கிய 15 அடியைக் கழித்துச் சொல்வது 105. இன்று 55 அடி என்று ஒருவர் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். கலந்துவிட்டால் 15 அடி தவறும், நீங்கள் போய் நிற்கும்போது வெறும் தண்ணீர்தான் தெரியும். இந்த அளவு அணையடியில் எடுப்பது. கோட்டை இருந்த நிலம் மேலே, உயரத்தில் இருப்பதால் அணையில் 50 அடி நிற்கும்போதே அங்கே தரை தட்டுகிறது.

எந்த மாதம் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி நன்செய் முறைக்கும், அது முடிந்ததும் ஏப்ரல் வரை புன்செய் முறைக்கும் வாய்க்காலில் தண்ணீர் போவதால் கோடையில்தான் அணை அடிமட்டத்துக்கு வரும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்த மறு ஆண்டில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

எத்தனை நாள் தெரியும்? நிதானமாகப் போகலாமா?

நம்பி உட்கார வேண்டாம். நொடிக்கு 10,000 கனஅடி நீர்வரத்து ஒரு நாள் முழுக்க வந்தால் 0.86 டி.எம்.சி. சேரும். அணை நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு அகலம். அந்த அளவு சேர்ந்தாலும் மட்டம் கொஞ்சம்தான் ஏறும். அடிமட்டத்தில் பரப்பு குறுகல் என்பதால் அதே நீர் பல அடி ஏற்றிவிடும். நீலகிரியில் பலத்த மழை பெய்து பில்லூர் அணை நிரம்பித் திறந்தால், நேற்றுக் காய்ந்து கிடந்த இடம் இன்று முழங்கால் தண்ணீர்.

எப்படிப் போய்ப் பார்ப்பது?

அணைக்கு முன்னால் இருக்கும் பூங்காவுக்கு யாரும் போகலாம். அணையின் மேல்தளத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள், ஆடிப்பெருக்கு அன்று, மக்களை விடுவது வழக்கம். ஆனால் ஆடி 18இல் பெரும்பாலும் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கும். கோயிலைப் பார்க்க அது நாள் அல்ல.

நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இறங்க நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். சுற்றியுள்ள காடு 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காட்டு வழியாக வருவதென்றால் வனத்துறை அனுமதியும் தேவை. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பரிசல்காரரிடம் பணம் கொடுத்துப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கோடையில் யானைக் கூட்டம் தண்ணீர் தேடி அங்கேதான் இறங்கும், மாயாற்றில் முதலை உண்டு. இவற்றைவிட அதிகம் ஆளைச் சிக்கவைப்பது வண்டல். மேல்தோல் வெயிலில் காய்ந்து வெடித்துக் கெட்டித் தரைபோலத் தெரியும், அடியில் சேறு. கால் வைப்பதற்கு முன் ஐந்தடிக் கம்பால் குத்திப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் வேறு வழி பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் எதிர்க்கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதே போதும்.

எழுபது ஆண்டு நீரில் கிடந்தும் கோயில் நிற்கிறதே, கோட்டை மதில் எங்கே?

கோயிலின் தாங்குதளமும் தூணும் உத்தரமும் கூரைப்பலகையும் கருங்கல். கல்லோடு கல் எடையில் உட்கார்ந்திருக்கிறது. இடையில் கரைந்துபோகப் பெரிதாகச் சாந்து இல்லை. மேலே செங்கல், சுதை வேலை இருந்தால் அதுதான் முதலில் போகும்.

மதிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொங்குச் சமவெளிக் கோட்டைகள் பலவற்றில் உள்ளே மண் நிரப்பி வெளியே கல் முகம் வைப்பார்கள். நீர் ஏறும்போது உள்மண் ஊறிக் கனக்கும். வாய்க்காலுக்குத் திறந்து மட்டம் வேகமாக இறங்கும்போது வெளியே தாங்கிய நீர் போய்விடும், உள்ளே ஊறிய நீர் வடியாது. அந்த அழுத்தத்தில் கல் முகம் வெளிப்பக்கமாகச் சரியும். பிறகு அலை மண்ணை அரிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஊறிக் காய்வதுதான் மதிலைத் தின்றது. எப்போதும் நீருக்குள்ளேயே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.

கல் மண்டபமும் நிரந்தரம் இல்லை. அடிமண் அரித்தால் தூண் சாயும், தூண் சாய்ந்தால் பலகை விழும். அதனால் கூரைமேல் ஏறிப் படம் எடுப்பது கோயிலுக்கும் ஆகாது, ஏறுகிறவருக்கும் ஆகாது.

கல்வெட்டுகளைப் படிக்க முடியுமா?

இங்குள்ள கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படியெடுத்துவிட்டது. ஆண்டறிக்கைச் சுருக்கங்களைப் படித்துவிட்டுக் களத்துக்குப் போவதே முறை. அங்கே தாங்குதள வரிகள் வண்டலில் புதைந்திருக்கும். மண்வெட்டி போடக் கூடாது. வெளியே தெரிகிற எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ், மாவு, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். ஊறிய கல்லின் மேல்தோல் மென்மையாகியிருக்கும். ஒரே தேய்ப்பில் எழுத்து விளிம்பு போய்விடும். மாலை 4 மணிக்குமேல் சாய்ந்த வெயிலில், அல்லது கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி, கல்லோடு ஒட்டினாற்போல் ஒளி விழவைத்துப் படம் எடுத்தால் போதும். நேரே விளக்கடித்தால் எழுத்து மறைந்துவிடும்.

கி.பி. ஆண்டு கணக்கிடும்போது கல்வெட்டில் வரும் சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். சித்திரைக்கு முன் வரும் மாதங்களுக்கு 79. கூடவே வரும் அறுபதாண்டுப் பெயரோடு ஒத்துப்பாருங்கள். சகம் 1240 என்றால் 1318, அது காளயுக்தி. பெயர் ஒத்துவராமல் ஓராண்டு முன்னால் இருந்தால், எழுதியவர் முடிந்த ஆண்டை எண்ணாமல் ‘நடப்பு ஆண்டு’ கணக்கு வைத்திருக்கிறார் என்று பொருள்.

எங்கள் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது. ஆவணம் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்புண்டு, பொறுமை வேண்டும். முதலில் 1948க்கு முந்தைய கிராமப் பெயர், தாலுகா (பெரும்பாலும் கோபிசெட்டிபாளையம் அல்லது அன்றைய பிரிவு), பட்டாதாரர் பெயர் மூன்றையும் வீட்டுப் பத்திரங்களிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். சர்வே எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிலம் 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டதால், ஒவ்வொரு எண்ணுக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாணை இருக்கும். அதில் உரிமையாளர் பெயர், பரப்பு, கிணறு, மரம் வரை குறித்திருப்பார்கள். கோயில் மானிய நிலம் என்றால் 1858இல் அமைத்த இனாம் ஆணையத்தின் பதிவேட்டையும் பாருங்கள். பூசாரி, பண்டாரம், மேளக்காரர் பெயர்கள் அங்கே வரும். பழைய கோயம்புத்தூர் மாவட்டப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தேடல் பெரும்பாலும் தோற்பது ஊர்ப்பெயரின் எழுத்துக் குழப்பத்தால்தான். ஆங்கிலப் பதிவுகளில் முதல் எழுத்து ‘ட’வா ‘த’வா என்பதே மாறி மாறி வரும். எல்லா வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள்.

புதையல், மைசூர் வரை சுரங்கம் என்கிறார்களே?

ஆற்றுக் கூடுதுறைக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் சில அடியிலேயே இருக்கும். அங்கே சுரங்கம் வெட்டினால் கிணறுதான் கிடைக்கும். புதையலைப் பொறுத்தவரை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் தண்டனை.

கொங்கில் இப்படி மறைந்த கோட்டைகள் வேறு உண்டா?

கோவைக் கோட்டையைத் திப்பு 1792இல் இடித்தார். கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் மிச்சம். அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலையில் தீரன் சின்னமலை கட்டிய கோட்டையைக் கும்பினி பீரங்கியால் தரைமட்டமாக்கியது. 1805இல் அவரைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டையோ இன்றும் மலைமேல் முழுசாக நிற்கிறது. ஓடாநிலையையும் சங்ககிரியையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் காலையில் சங்ககிரி ஏறிவிடுங்கள்; பாறையில் வெயில் ஏறினால் இறங்குவது சிரமம்.